போதை எடுத்த அன்றும் மாத்திரையை விடாதீர்கள்

1996 ஜூலையில் கனடாவின் வான்கூவர் நகரில் உலக எய்ட்ஸ் மாநாடு கூடியது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எச்ஐவியை அடக்கி வைக்கலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது அங்கிருந்துதான். அதே நாட்களில், அதே நகரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதியில், போதை ஊசி போடுபவர்களிடையே எச்ஐவி வெகுவேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. புது ஊசிக்கு வழியில்லாத ஊர் அல்ல அது. பழைய ஊசியைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளும் திட்டத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் கைமாறின. அப்படியிருந்தும் தொற்று நிற்கவில்லை. ஆய்வாளர்கள் காரணம் தேடியபோது முன்னால் வந்து நின்றவற்றில் முக்கியமானது கொக்கைன்.

கொக்கைன் ஏன் வேறு?

ஹெராயின் ஊசியின் வேகம் சில மணி நேரம் நீடிக்கும். கொக்கைன் ஊசியின் வேகமோ அரை மணிக்குள் அடங்கிவிடும். உடனே அடுத்த ஊசி. ஒரே நாளில் 20 முறை போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அந்த அவசரத்தில் புது ஊசி தீர்ந்துபோனால், பக்கத்தில் இருப்பவரின் ஊசிக்குக் கை போய்விடுகிறது.

கொக்கைன், மெத் ஆம்ஃபெட்டமின் போன்றவை ஊக்க வகைப் போதைப்பொருட்கள். தூக்கத்தையும் பசியையும் விரட்டி, உடலை முறுக்கேற்றி வைப்பவை. இந்தக் குணம் பின்னர் சிகிச்சைக்கும் இடைஞ்சலாகிறது.

மாத்திரை எங்கே தவறுகிறது?

இதை அறிந்துகொள்ள வான்கூவர் பொருத்தமான இடம். அந்த நகரம் இருக்கும் மாகாணத்தில் எச்ஐவி மருந்து எல்லோருக்கும் இலவசம். பணமில்லாததால் மருந்து வாங்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்குத் தகுதியான போதை ஊசி போடுபவர்களில் 40 விழுக்காட்டினருக்கே மருந்து கிடைத்திருந்தது. ‘ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள்’ என்று தயங்கிய மருத்துவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். சிகிச்சை தொடங்கியவர்களிலும், அடிக்கடி கொக்கைன் ஊசி போடுபவர்கள் மாத்திரையை அதிகம் தவறவிட்டார்கள். அவர்களுடைய ரத்தத்தில் வைரஸ் அடங்குவதும் குறைவாகவே இருந்தது.

காரணம் அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை என்று மருத்துவர் சொல்கிறார். மெத் எடுத்தவர் இரண்டு மூன்று இரவுகள் தூங்குவதில்லை, சாப்பிடுவதும் இல்லை. போதை இறங்கியதும் ஒரு நாள் முழுக்க அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறார். அந்த மாத்திரைக்குரிய ‘இரவு’ அவருக்கு வரவே இல்லை. வீடில்லாமல் தெருவில் இருப்பவர் என்றால் மாத்திரைப் புட்டியும் பையோடு தொலைந்துபோகலாம்.

இன்னொரு காரணம் தவறான பயம். போதையும் மருந்தும் சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று நம்பி, போதை எடுத்த அன்று வேண்டுமென்றே மாத்திரையை விடுபவர்கள் உண்டு. பெரும்பாலான எச்ஐவி மருந்துகளுக்கு இந்தப் பயம் தேவையில்லை. ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் கலந்த மருந்துகள் மட்டும் மெத் போன்றவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். அதனால்தான் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வேறு மருந்து தருவார். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. மருந்து விட்டுப்போன நாட்களில் வைரஸ் மீண்டும் பெருகும். சில மருந்துகளுக்கு அது பணியாமலும் போய்விடும்.

கொக்கைன் நேரடியாகவே வைரஸைப் பெருக்குமா? ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் அப்படி நடப்பது பதிவாகியிருக்கிறது. மனித உடலில் அந்த விளைவையும் மாத்திரை தவறியதன் விளைவையும் பிரித்தறிவது கடினம். கொக்கைனும் மெத்தும் இதயத்தைப் பாதிப்பது மட்டும் உறுதி. எச்ஐவியும் இதய நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதால், இவர்களுக்கு இரட்டைக் கவனம் தேவை.

எது பலன் தருகிறது?

ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. வான்கூவரில் அதைக் குடிக்கத் தினமும் வருபவருக்கு, அங்கேயே அன்றைய எச்ஐவி மாத்திரையையும் கொடுத்தார்கள். மாத்திரை தவறுவது குறைந்தது. ஊக்க வகைக்கு இப்படி ஒரு மாற்று மருந்து இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. அதனால் கொக்கைன் மட்டும் எடுப்பவர் தினமும் அந்தப் பக்கம் வர ஒரு காரணம் இல்லாமல் போகிறது.

அந்தக் காரணத்தை வேறு வழிகளில் உண்டாக்க முடியும். அங்குள்ள டாக்டர் பீட்டர் மையத்தில் எச்ஐவி உள்ளவர்களுக்குச் சூடான சாப்பாடும் மாத்திரையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. போதை எடுக்காத நாளுக்குச் சிறு வெகுமதி தரும் முறை, ஊக்க வகைப் பழக்கத்தைக் குறைப்பதில் மற்றச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் காட்டியிருக்கிறது. டோலுடெக்ராவிர் கலந்த மருந்துகளை வைரஸ் எளிதில் மீறுவதில்லை. கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஆகிய இரண்டையும் மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ ஊசியாகப் போட்டுக்கொள்ளும் முறையும் வந்துவிட்டது. தினசரி மாத்திரை முடியாதவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு.

‘இவர்களுக்கு மருந்து கொடுத்து என்ன பயன்?’ என்ற கேள்விக்கும் அந்த மாகாணமே பதில் தந்திருக்கிறது. 3,000-க்கும் அதிகமான நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை தொடங்கி ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும், ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே உயிர்பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

ஆகவே போதைப் பழக்கத்தைக் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நியாயமில்லை. முதலில் போதையை விட்டுவிட்டு வா என்று அனுப்பப்படுபவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. மருந்தை விடாமல் எடுத்து, ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 200-க்குக் கீழே நிலைத்துவிட்டால் உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. ஊசியைப் பகிர்வதற்கு இந்த உறுதியை நீட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் புது ஊசிதான் வேண்டும். ஒரு வேளை மாத்திரை தவறிவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். இரட்டை அளவு வேண்டாம். பல நாள் விட்டுப்போயிருந்தால் வெட்கப்படாமல் சிகிச்சை மையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். திட்டாமல் வரவேற்று மருந்தைத் தொடர வைப்பது அங்கிருப்பவர்களின் கடமை.