ரான் பராசி: ஆட்டக்காரரும் ஆசானும்

மெல்பர்ன் நகரத்தில் கால்பந்து என்றால், உலகமெங்கும் ஆடப்படும் வட்டப் பந்து ஆட்டத்தை யாரும் நினைப்பதில்லை. நீள்வட்ட மைதானத்தில், நீள்வட்டப் பந்தைக் கொண்டு, கட்சிக்குப் பதினெட்டுப் பேராக இறங்கி, உதைத்தும் தாவிப் பிடித்தும் ஆடுகிற தங்கள் சொந்த ஆட்டத்தின் மீதே அந்த ஜனங்களுக்கு அபிமானம். அதில் பந்தைக் கையால் எறிவது குற்றம்; ஒரு கையில் ஏந்தி, மறுகை முஷ்டியால் குத்தித் தோழனிடம் சேர்ப்பிக்கலாம். ரான் பராசியின் கீர்த்தியில் கணிசமான பகுதி இந்தச் சிறு விதியை ஒட்டியே எழுந்தது.

1936-ல் விக்டோரியா மாநிலத்துக் காசில்மெயினில் பிறந்த அவருக்கு ஐந்து வயதானபோது, மெல்பர்ன் குழுவுக்காக ஆடி 1940-ல் பட்டம் வென்ற தகப்பனார் டோப்ருக் யுத்தத்தில் மாண்டார். அவரோடு சேர்ந்து ஆடிய நார்ம் ஸ்மித், பின்னர் அக்குழுவின் பயிற்சியாளரானதும், நண்பரின் பிள்ளையைத் தம் வீட்டுக் கொல்லைப்புறத்துச் சிற்றில்லத்தில் தங்கவைத்து, அன்போடு கடுமையான சிட்சையும் அளித்து வளர்த்தார். 1953-ல் களமிறங்கிய பராசி அங்கே 204 ஆட்டங்கள் ஆடி, ஆறு பட்டங்களில் பங்கு பெற்றார். அவற்றில் இரண்டு, தலைவராக நின்று வென்றவை.

1964-ன் முடிவில் அவர் கார்ல்டன் குழுவுக்குத் தலைவரும் பயிற்சியாளருமாகப் போய்ச் சேர்ந்தபோது, மெல்பர்ன் ரசிகர்கள் அடைந்த மனத்தாங்கல் சாமான்யமானதன்று. ஆயினும், வலுவான குழுவில் சிறந்து விளங்கிய ஆட்டக்காரர் பராசியைக் காட்டிலும், தாழ்ந்து கிடந்த குழுக்களை எடுத்து நிறுத்திய ஆசானே மேலானவர் என்பது என் திடமான அபிப்பிராயம். 1947-க்குப் பின் பட்டமே காணாத கார்ல்டன், 1968-ல் மூன்று புள்ளி வித்தியாசத்தில் அதை மீட்டது.

1970-ன் இறுதி ஆட்டத்தை 1,21,696 பேர் மைதானத்தில் திரண்டு கண்டனர். இடைவேளையில் காலிங்வுட் 44 புள்ளி முன்னே நின்றது. வீரர்களை உட்காரவைத்து, எந்த நிலையிலும் பந்தை நிறுத்தாதீர்கள், ஆபத்தானாலும் முஷ்டியால் குத்திக் கடத்துங்கள் என்று பராசி உபதேசித்தார். அதுவரை வெளியே காத்திருந்த டெட் ஹாப்கின்ஸையும் களத்தில் இறக்கினார். அந்த இளைஞர் நான்கு கோல் அடிக்க, பத்துப் புள்ளியில் கார்ல்டன் வென்றது. நவீன ஆட்டமே அன்றுதான் பிறந்தது என்பாரும் உண்டு. அது சற்று மிகை. ஜீலாங் குழுவின் பாலி ஃபார்மர் முதலியோர் அந்த வித்தையை முன்னரே வளர்த்திருந்தனர். ஆனால் தோல்வி நிச்சயம் என்று தோன்றிய வேளையில், பயத்தால் ஒடுங்காமல் துணியச் சொன்ன தைரியம் பராசியுடையதே.

1972-ல் கடைசி இடத்தில் கிடந்த வட மெல்பர்ன் குழுவை அடுத்த வருஷம் அவர் ஏற்றார். 1925-ல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து பட்டமே பெறாத அக்குழு, 1975-ல் முதன்முறையாகவும், சமனில் முடிந்த இறுதி ஆட்டத்தை மறுபடி ஆடி 1977-ல் இரண்டாம் முறையாகவும் வாகை சூடியது.

1981-ல் தாய்க் குழுவான மெல்பர்னுக்குத் திரும்பியபோது பட்டம் வாய்க்கவில்லை. எனினும் அக்காலத்தில் அயர்லாந்திலிருந்து தருவிக்கப்பட்ட ஜிம் ஸ்டைன்ஸ், 1991-ல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தைப் பெற்றார். தொடர் தோல்விகளால் நலிந்திருந்த சிட்னி ஸ்வான்ஸை 1993-ல் ஏற்று, 1995 முடிவில் பராசி விலகினார். மறுவருஷமே அக்குழு இறுதி ஆட்டத்தை எட்டியது.