கொதிக்கும் அமிலத்தில் ஒரு மெல்லிய தோல்

டைட்டானியம் அரிக்கப்படாத உலோகம் என்று பெயர் வாங்கியது. உண்மையில் அது ஆக்சிஜனை ஆவலோடு பற்றிக்கொள்ளும் உலோகம். காற்றுப் பட்டதுமே சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு தோல் படர்ந்து, உள்ளே எதையும் விடாமல் காக்கிறது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். கடல்நீரில் அது அசையாமல் இருப்பது இந்தத் தோலால்தான்.

அந்தத் தோலையே சோதிக்கும் இடம் ஒன்று கல்பாக்கத்தில் இருக்கிறது. வேக ஈனுலையில் எரிந்த எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் மீட்க, முதலில் அதைக் கொதிக்கும் அடர் நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். கலனைத் தூய டைட்டானியத்தில் செய்தால் என்ன? அமிலம் நிற்கும் பகுதியில் கவலை குறைவு. சிறிதளவு கரைந்த டைட்டானிய அயனிகளே அங்கே காவலாகி, மேலும் அரிப்பதைத் தடுத்துவிடும். ஆனால் மேலே எழும் ஆவி சுவரில் குளிர்ந்து வழிகிறதே, அந்தப் புது அமிலத்தில் அயனிகள் ஏது? ஆகவே அமிலத்தில் மூழ்கிய சுவரைவிட மூழ்காத சுவர்தான் அதிகம் தேய்கிறது! இந்தப் புதிரை முதலில் படித்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இதற்காகக் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டைட்டானியக் கலவையில் 5 சதவீதம் டாண்டலம், 1.8 சதவீதம் நியோபியம். நைட்ரிக் அமிலத்துக்குப் பிடிகொடுக்காத இவற்றின் ஆக்சைடுகள் தோலுக்குள் கலந்துவிடுவதால், ஆவி குளிரும் சுவரும் தாங்குகிறது.

சேர்மானத்தின் வேலை தோலோடு நிற்பதில்லை. 882 டிகிரி செல்சியசுக்குக் கீழே டைட்டானிய அணுக்கள் அறுகோண அடுக்கில் இருக்கும், அது ஆல்ஃபா. மேலே போனால் கனசதுர அடுக்கு, பீட்டா. அலுமினியம் ஆல்ஃபாவைப் பிடித்து நிறுத்தும். வனேடியம், டாண்டலம், நியோபியம் பீட்டா பக்கம் இழுக்கும். விமானங்களில் புழங்கும் 6 சதவீத அலுமினியம், 4 சதவீத வனேடியம் கலவையில் இரண்டு அடுக்குகளும் கலந்திருப்பது அதனால்தான். கல்பாக்கத்துக் கலவையில் பெரும்பகுதி ஆல்ஃபா, இடையிடையே கொஞ்சம் பீட்டா. டாண்டலமும் நியோபியமும் அந்தப் பீட்டாவில்தான் செறிகின்றன.

செய்வதும் எளிதன்று. டைட்டானியம் 1668 டிகிரியில் உருகும். டாண்டலத்துக்கு 3000 டிகிரிக்கு மேல் வேண்டும், அதே கனஅளவில் எடையும் மூன்று மடங்குக்கு மேல். சீராகக் கலக்க, வெற்றிட மின்வில் உலையில் திரும்பத் திரும்ப உருக்க வேண்டும். பிறகு வெல்டிங். அந்தச் சூடு தையலின் ஓரத்தில் பீட்டாவைக் கலைத்து வேறு வடிவில் அடுக்கிவிடும். அதனால் தகட்டோடு வெல்டிங் செய்த துண்டையும் கொதிக்கும் அமிலத்தில் இட்டு, எவ்வளவு எடை இழந்தது என்று நிறுத்துப் பார்க்கிறார்கள்.