வரைபடத்தில் பச்சை, தரையில் பட்டாசு மருந்து

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கும் 2021 ஆகஸ்ட்டில் வந்த டிரோன் விதிகள் பொருந்தும். 25 கிலோவுக்கு மிகாமல், கண்பார்வைக்குள், கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ பறப்பவற்றுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் வான்வெளி விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வான்வெளி வரைபடத்தில் பச்சையாக உள்ள இடத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். ஆள் ஏறிய விமானம் எதிர்ப்பட்டால், விலகிக்கொள்ள வேண்டியவர் ரிமோட் பிடித்திருப்பவர்.

மதுரை விமான நிலையத்தின் இந்த 12 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது சிவகாசி. ஆனால் விமானப் போக்குவரத்தையும் நாட்டுப் பாதுகாப்பையும் கருதிப் போட்ட வரைபடம் அது. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் எந்தப் பட்டாசு ஆலை வளாகத்தில் மருந்து அடைத்த திரியும் மணி மருந்தும் வெயிலில் காய்கின்றன என்பது அதில் இருக்காது.

சிறிய மாதிரி விமானத்தின் மூக்கில் இருப்பது லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. விழுந்த வேகத்தில் அது நசுங்கினால் உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகி, உப்பி, புகைந்து, தீப்பிடிக்கும். சில சமயம் பல நிமிடம் கழித்துக்கூடப் பற்றும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்துக்கு அவ்வளவு தீ எதற்கு? உராய்வே போதும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின. 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் சாவு. அந்த விபத்துகளுக்கும் மாதிரி விமானத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் சிறு பொறிக்கு இந்த மண் என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு அவை சாட்சி.

பறக்கவிடுபவர்கள் தங்களுக்குள் வானத்தைப் பங்கிடுவதும் பாதுகாப்பில் சேர்ந்ததே. பழைய கிரிஸ்டல் ரிமோட்டுகளில் இரண்டு பேர் ஒரே சேனலில் சுவிட்சைப் போட்டால், பறந்துகொண்டிருக்கும் விமானம் கட்டுப்பாடு இழந்து விழும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் அலைவரிசையைத் தாமே மாற்றிக்கொள்வதால் அந்தப் பயம் போய்விட்டது. சிக்னல் அறுபடும் ஆபத்து போகவில்லை. சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கும்படி ‘ஃபெயில்சேஃப்’ வைக்காத விமானம், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தே நிமிடத்தில் நான்கு கிலோமீட்டர் தாண்டிவிடும். போய் விழும் இடம் யார் கையிலும் இல்லை. அதனால் புறப்படும் முன் விமானத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும்; மோட்டார் நிற்காவிட்டால் அன்றைக்குப் பறக்கவே கூடாது.

களத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே திசையில் வட்டமடிக்க வேண்டும். ஏறுவதையும் இறங்குவதையும் உரக்கச் சொல்ல வேண்டும். இன்ஜின் நின்றுபோன விமானம் இறங்க மற்றவர்கள் வழிவிட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அவர்கள் தலைக்கு மேல் பறப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரிகளுக்கும் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோடையில் வறண்ட கண்மாய்கள் உண்டு. ஆலைகளுக்கு எட்டாத ஒன்றை முறையாக அனுமதி கேட்டு வாங்குங்கள். சுற்றுவட்டார ஆலைகளின் போர்மேன்களிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஒரு வாளி மணலைக் கையோடு கொண்டுபோங்கள். விமானம் தப்பிப்போய் ஆலைப் பக்கம் விழுந்தால் வேலி தாண்டி எடுக்கப் போகாதீர்கள். உடனே வாசலில் தகவல் சொல்லுங்கள்.