வெளிமாநிலத்தவர் கேட்கும் சரக்கு

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறுபவர், தங்க இடம் அமைந்ததும் தேடிப் போவது மளிகைக் கடையைத்தான். எங்கே எது கிடைக்கும் என்று நாலு தெரு சுற்றிப் பார்க்கிறார். தம் ஊர்ச் சாப்பாட்டுக்கான பொருள் எந்தக் கடையில் கிடைக்கிறதோ, அங்கேயே வாடிக்கையாகி விடுகிறார். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கிய பின், சென்னையில் குடியேறிய கொரியர்களை நம்பி அவர்கள் நாட்டு உணவகங்களும் மளிகைக் கடைகளும் தோன்றியது இதனால்தான்.

நமது கொங்கு வட்டாரத்திற்குக் கொரியர்கள் அவ்வளவாக வருவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கோவை ஃபவுண்டரிகளுக்கும், நூற்பாலைகளுக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அஸ்ஸாம் மாநிலத் தொழிலாளர்களே வருகிறார்கள். அவர்கள் சொல்லும் பெயர் புரியாததால், "இல்லை" என்ற பதிலே பல கடைகளில் கிடைக்கிறது. கேட்ட பொருளோ பெரும்பாலும் நமது அலமாரியிலேயே இருக்கும்!

ஒடிசாக்காரர் "முடி" கேட்டால் திகைக்க வேண்டாம், அது பொரி. "சூடா" என்பது அவல். "குட்" வெல்லம், "பேசன்" கடலை மாவு, "உஸ்னா" புழுங்கல் அரிசி, "அர்வா" பச்சரிசி. ஒடிசாவில் விரும்பிச் சாப்பிடும் "பகாளா" வேறொன்றுமில்லை, நமது பழைய சோறுதான்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம் தேவை. பீகார்க்காரர் "சத்து" என்றால் நமது சத்துமாவை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அது வறுத்த கொண்டைக்கடலை மாவு. நீரில் கரைத்து, உப்பு, வெங்காயம், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குடிப்பார்கள். "பாஞ்ச் போரன்" என்பது வெந்தயம், கடுகு, சீரகம், சோம்பு, கருஞ்சீரகம் ஐந்தையும் அரைக்காமல் கலந்த தாளிப்புச் சரக்கு. இதை நாமே கலந்து பொட்டலம் போடலாம்.

புதிதாகக் கொள்முதல் செய்ய வேண்டியது கடுகு எண்ணெய். டப்பாவில் "கச்சி கானி" என்றிருந்தால் செக்கில் ஆட்டியது போன்ற எண்ணெய் என்று பொருள். இதைச் சில்லறையாக அளந்து விற்கவே கூடாது. 1998-ல் டெல்லியில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கடுகு எண்ணெயுடன் வேறு சமையல் எண்ணெய் கலப்பதற்கும் 2021 ஜூன் 8 முதல் தடை உள்ளது. எனவே முத்திரையிட்ட பாக்கெட்டாக, பில்லுடன் மட்டுமே வாங்க வேண்டும்.

இதில் வியாபாரத்திற்கு மேற்பட்ட விஷயமும் உண்டு. 2023 மார்ச்சில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியபோது, பலர் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசின் அதிகாரிகள் குழுவே திருப்பூர், கோவைக்கு வந்து விசாரித்தது. அத்தகைய நேரத்தில், "பயப்பட வேண்டாம்" என்று முகம் தெரிந்த கடைக்காரர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அந்தப் பழக்கம் அன்றாடம் பொரியும் அவலும் கொடுக்கும்போதே வளர வேண்டும்.

ஆகவே, கல்லாவில் ஒரு சிறு நோட்டு வைத்து, கேட்டும் கிடைக்காத பொருளை எல்லாம் எழுதி வாருங்கள். பெயர் புரியாவிட்டால், பொருளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, அடிக்கடி கேட்கப்படும் இரண்டு மூன்று சரக்கை மட்டும் குறைந்த அளவில் எடுங்கள். எடையும் விலையும் உள்ளூர்க்காரருக்கு எப்படியோ அப்படியே அவருக்கும் இருக்கட்டும். புதிதாக வந்தவர் அதைத்தான் முதலில் கவனிக்கிறார். தம் அறையில் இருப்பவர்களிடமும் சொல்கிறார்.