பவர் டில்லரை வேனில் ஏற்றும் முன்... பலகையின் நீளத்தைப் பாருங்கள்!

மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள கிராமங்களில், கரும்புக் கட்டைத் தலையில் சுமந்து பலகை வழியாக லாரியில் ஏறுவது பழகிப்போன வேலை. அதே பழக்கத்தில் பவர் டில்லரை பிக்கப் வேனில் ஏற்றும்போதும், கையில் கிடைத்த இரண்டு பலகைகளைச் சாய்த்து, நான்கு பேர் பின்னால் நின்று தள்ளுகின்றனர். பலகை நழுவினால் இயந்திரம் அவர்கள் மீதுதான் விழும்.

ரோட்டரியுடன் ஒரு பவர் டில்லர் 400 முதல் 500 கிலோ வரை இருக்கும். சரியத் தொடங்கிய பின் அதைக் கையால் நிறுத்த முடியாது.

எளிய கணக்கு

வேன் தளம் 3 அடி உயரம், இயந்திரம் 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 அடி பலகையில் ஏற்றினால், பின்னோக்கி இழுக்கும் விசை சுமார் 225 கிலோ. 9 அடி பலகையில் அது 150 கிலோவாகக் குறையும். அதே 9 அடி பலகையுடன் உயரத்தையும் ஒன்றரை அடியாகக் குறைத்தால் வெறும் 75 கிலோ. ஆள் சேர்ப்பதைவிட, உயரத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவதே பாதுகாப்பு.

உயரத்தைக் குறைக்கச் செலவில்லை. வேனைத் தாழ்வான இடத்தில் நிறுத்தி, பின்பக்கத்தை மேட்டை ஒட்டிக் கொண்டுவந்தால் போதும். மேடு கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் பாய்ந்து ஊறிய வரப்பு கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கல் வையுங்கள்.

பலகை ஏன் நழுவுகிறது?

டில்லரின் சக்கரம் முன்னே ஏறும்போது, பலகையைப் பின்னே தள்ளுகிறது. சும்மா சாய்த்து வைத்த பலகை அந்த வேகத்தில் வேனை விட்டுக் கழன்றுவிடும். எனவே பலகையின் தலைப்பில் இரும்புக் கொக்கி பொருத்தி, வேன் தளத்துடன் சங்கிலியால் கட்ட வேண்டும். சக்கரங்களுக்கு இரண்டு பலகை, ஓட்டுபவர் நடக்க நடுவில் ஒன்று என மூன்று தேவை. சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரத்தைக் கழற்றி, ரப்பர் டயர் மாட்டிய பிறகே ஏற்றுங்கள். பலகையிலும் டயரிலும் சேறு இருக்கக் கூடாது.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

ரோட்டரி இயக்கத்தைத் துண்டித்து, மிகக் குறைந்த கியரில், குறைந்த வேகத்தில் நேராக ஏற்றுங்கள். பாதி வழியில் கியர் மாற்றவோ கிளட்சை விடுவிக்கவோ வேண்டாம். உதவிக்கு வருபவர்கள் வேன் மேலே நின்று கயிற்றைப் பிடிக்கட்டும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

இறக்கும்போது நியூட்ரலில் உருள விடாதீர்கள். குறைந்த ரிவர்ஸ் கியரில் இறக்கினால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். முன்பக்கத்தில் கட்டிய கயிற்றை வேனின் உறுதியான கம்பியில் ஒரு சுற்று சுற்றி, மெல்ல மெல்லத் தளர்த்துவது கூடுதல் காவல்.

பலரும் கவனிக்காதது ஸ்டியரிங் கிளட்ச். சமதரையில் இடது கிளட்சை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது அழுத்தினால், இன்ஜின் பிடி விட்டுப்போன அந்தச் சக்கரம் வேகமாக உருண்டு, இயந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பிப் பலகையை விட்டு விழுந்துவிடும். பலகை மேல் இருக்கும்வரை ஸ்டியரிங் கிளட்சைத் தொடவே வேண்டாம். திசை தவறினால் நிறுத்தி, மீண்டும் தொடங்குங்கள்.

ஏற்றிய பிறகு

இன்ஜினை அணைத்து, டீசல் குழாயை மூடி, கியரில் விடுங்கள். கைப்பிடியில் கட்டாமல், இயந்திரத்தின் சட்டத்தில் முன்னும் பின்னும் நான்கு மூலைக்கும் கயிறு கட்டுங்கள். கல்வராயன் மலைச்சாலையில் ஏறும்போது சுமை பின்னுக்கும், இறங்கும்போது முன்னுக்கும் சாயும். அதனால் ஒருபக்கக் கட்டு போதாது.

கனமான மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதான். அதில் உட்கார்ந்து ஓட்டி ஏற்றாதீர்கள். பலகையின் நடுவே வண்டி நின்றுவிட்டால் ஊன்றக் கால் எட்டாது.

வாடகைக்கு இயந்திரம் அடிக்கடி வந்துபோகும் ஊர்களில், விவசாயிகள் சேர்ந்து வேன் தள உயரத்துக்குக் கல் அணைத்து ஒரு மண்மேடு அமைக்கலாம். ஒருபக்கம் நீண்ட சரிவு, மறுபக்கம் செங்குத்தாக வேன் நிற்க இடம். ஒரு நாள் உழைப்பில் முடியும் வேலை. அதன் பிறகு செங்குத்தான பலகையில் யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.