செயற்கைச் சுவாசம் பெறும் தீநுண்மி நோயாளிகளில் வயதின் தாக்கம்

கடுமையான தீநுண்மி (வைரசு) நோயால் நுரையீரல் செயலிழந்து, செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் சிகிச்சை பெறும் நோயாளிகள் பிழைப்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் வயது முதன்மையான ஒன்றாகும். 2020 ஆம் ஆண்டில் தொடங்கிய கோவிட்-19 உலகப்பரவலின்போது இத்தொடர்பு பல நாடுகளில் ஆராயப்பட்டது.

கருவியின் பணி

தீநுண்மி நுரையீரலின் காற்று நுண்ணறைகளைத் தாக்கும்போது அவற்றில் நீர்மம் நிறைந்து, குருதிக்கு ஆக்சிசன் செல்வது தடைப்படுகிறது. சுவாசக் கருவி இந்நோயைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் ஆறும் வரை உடலுக்குக் காலத்தை ஈட்டித் தருவதே அதன் பணியாகும். அக்காலம் பல வாரங்கள் நீளக்கூடும். அதை உடல் தாங்குமா என்பதில்தான் வயது குறுக்கிடுகிறது.

1952 இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மயக்க மருந்து மருத்துவர் பியோர்ன் இப்சன் மூச்சுக்குழலில் துளையிட்டுக் கையால் காற்றைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். அந்நோயாளிகளுள் பலர் சிறுவர்கள். அவர்களின் நுரையீரலைவிட மூச்சுத் தசைகளே பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தன. கோவிட்-19 நோயிலோ நுரையீரலே சிதைவுறுகிறது. நோயாளிகளுள் பலர் முதியோர்.

செருமனியின் தரவுகள்

2020 பெப்ரவரி 26 முதல் ஏப்ரல் 19 வரை செருமனியின் 920 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 10,021 நோயாளிகளின் தரவுகள் ஆராயப்பட்டன. செயற்கைச் சுவாசம் தேவைப்படாத 8,294 பேரில் 16 விழுக்காட்டினர் இறந்தனர். செயற்கைச் சுவாசம் பெற்ற 1,727 பேரில் இறந்தவர்கள் 53 விழுக்காட்டினர். இவர்களுள்:

* 18 முதல் 59 வயது வரை உள்ளோரில் 28 விழுக்காட்டினர் இறந்தனர்.
* 80 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 72 விழுக்காட்டினர் இறந்தனர்.

காரணங்கள்

* நோய் எதிர்ப்பாற்றல்: வயது ஏற ஏறத் தைமசுச் சுரப்பி சுருங்குவதால் புதிய டி-உயிரணுக்களின் உற்பத்தி குறைகிறது. தீநுண்மியை அடக்குவது தாமதமாகிறது, அழற்சி நீடிக்கிறது.
* நுரையீரல்: நுரையீரலின் மீள்தன்மை குறைந்து, மார்புக்கூடு விறைப்படைகிறது.
* தசைகள்: கருவியின் உதவியில் இருக்கும்போது உதரவிதானம் சில நாட்களிலேயே மெலியத் தொடங்குகிறது. முன்னரே தசை குறைந்துள்ள முதியோரைக் கருவியிலிருந்து விடுவிப்பது கடினமாகிறது.
* பிற நோய்கள்: நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவை வயதுடன் மிகுகின்றன.

தரவுகளைப் பொருள்கொள்ளுதல்

மேற்கண்ட ஆய்வில் 70 முதல் 79 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் செயற்கைச் சுவாசம் பெற்றனர். 80 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே பெற்றனர். மிகவும் தளர்ந்த முதியோர்க்குப் பல வேளைகளில் இச்சிகிச்சை தொடங்கப்படுவதில்லை. எனவே 72 விழுக்காடு என்பது முதியோர் அனைவருக்கும் உரிய எண் அன்று. பெரும்பாலும் தாங்கக்கூடியவர் எனக் கருதப்பட்டோர்க்கு உரியது.

மேலும், நோய் யாரைத் தாக்குகிறது என்பதும் தாக்கியபின் யார் பிழைக்கிறார் என்பதும் வெவ்வேறு கேள்விகள். 2009 ஆம் ஆண்டின் எச்1என்1 இன்ஃபுளுவென்சா, பழைய தீநுண்மிகளால் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த முதியோரைக் குறைவாகவே தொற்றியது. ஆயினும் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோயுற்றோரில் இறப்பு முதியோரிடையே மிகுந்திருந்தது.

சிகிச்சை

இறப்பு விகிதம் மாறாத ஒன்றன்று. 2020 இல் பிரித்தானியாவில் நடந்த ரெக்கவரி ஆய்வில், கருவியில் இருந்தோரின் 28 நாள் இறப்பு 41.4 விழுக்காட்டிலிருந்து டெக்சாமெத்தசோன் பெற்றோரிடையே 29.3 விழுக்காடாகக் குறைந்தது. காற்றைச் சிறு அளவுகளில் செலுத்துதல், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தல் ஆகியவையும் உயிர்காக்க உதவுகின்றன.

அறநெறிச் சிக்கல்

2020 மார்ச்சில் இத்தாலியில் படுக்கைகள் பற்றாக்குறையானபோது, தீவிர சிகிச்சைக்கு வயது வரம்பு விதிக்க நேரலாம் என அந்நாட்டின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தது. இது கடும் விவாதத்தை எழுப்பியது. அதே மாதம் பிரித்தானியாவில் வெளியான வழிகாட்டுதல், வயதுக்கு மாற்றாக உடல் தளர்ச்சியை அளவிடும் அட்டவணையைப் பயன்படுத்தக் கூறியது. இயலாமை உடைய இளையோர்க்கு அவ்வட்டவணையைப் பயன்படுத்தலாகாது எனச் சில நாட்களில் அது திருத்தப்பட்டது.

ஒரே வயதுடைய இருவரின் உடல்நிலை பெரிதும் வேறுபடலாம். விழுக்காடுகள் ஒரு குழுவைப் பற்றியே கூறுகின்றன. படுக்கையில் இருக்கும் ஒருவர் பிழைப்பாரா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. எனவே சிகிச்சை குறித்த முடிவில் வயதுடன் உடல் தளர்ச்சி, பிற நோய்கள், நோயாளியின் விருப்பம் ஆகியவற்றையும் சேர்த்து நோக்குவது இன்றியமையாததாகும்.