மேட்டில் திணறும் ஆம்னி... இன்ஜினை மாற்றும் முன் ஆர்.சி-யைப் பாருங்கள்!

‘பழைய ஆம்னி வேன் வைத்திருக்கிறேன். தக்காளி ஏற்றினால் மேட்டில் திணறுகிறது. வேறு இன்ஜின் மாற்றிவிடலாமா?’ சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் விவசாயிகள் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. பணத்தை எடுப்பதற்கு முன் ஆர்.சி-யை எடுங்கள்.

அதில் இன்ஜின் எண்ணின் தொடக்கத்தில் ‘எஃப்8பி’ என்று இருக்கும். ‘எஃப்’ என்பது இன்ஜின் குடும்பம். ‘8’ என்றால் சுமார் 800 சி.சி. (சரியாக 796). ‘பி’ என்பது அந்தக் குடும்பத்தில் எந்த வகை என்பதைச் சொல்கிறது. பழைய ஜிப்ஸியின் ‘எஃப்10ஏ’ 970 சி.சி. என்பதும் இதே கணக்குதான்.

கடைசி எழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஆல்டோவில் வந்த ‘எஃப்8டி’-யும் 796 சி.சி-தான். ஆனால், எஃப்8பி-யில் 6 வால்வுகள், எஃப்8டி-யில் 12. காற்று கூடுதலாக உள்ளே போவதால், அது சுமார் 46 குதிரைத்திறன் தருகிறது. ஆம்னிக்குப் புதிதிலேயே 37-தான்.

வண்டியின் எடையே ஏறத்தாழ 800 கிலோ. 15 கிலோ பெட்டி 20 ஏற்றினால், இன்னும் 300 கிலோ. மேட்டில் முதல் கியர் கேட்பது நோயல்ல, பிறவிக்குணம். ஆனால், போன வருடம் இதே சுமையோடு இரண்டாவது கியரில் ஏறிய மேட்டில் இப்போது முதல் கியர் கேட்டால், எங்கோ கோளாறு இருக்கிறது.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஏர் ஃபில்டர், பிளக். இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால், அதில் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு கசிகிறது. வால்வு வேலைக்காக முழு இன்ஜினையும் மாற்றத் தேவையில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, முறைப்படி அனுமதி வாங்குங்கள். புதிய எண்ணை ஆர்.சி-யில் பதியாமல் ஓட்டினால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் சிக்கலாகும். வண்டியை விற்பதும் கஷ்டம். பழைய இன்ஜின் வாங்கும்போது, பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணையும் விற்பவரின் ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.